ஊரடங்கில் கிடைத்த ‘தவணை விடுப்பு’ கடன் தள்ளுபடியா?

இல்லை. 2020 மார்ச் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் ஊரடங்கு தொடங்கியபோது, டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சலூனும் துணிக்கடையும் வைத்திருந்த நம்மவர்களுக்குப் பெரிய கவலை இதுதான்: கடை மூடிக் கிடக்கிறது, தவணை எப்படிக் கட்டுவது? பல வங்கிகள் மூன்று மாதத் தவணை விடுப்பு தந்தன. அதாவது, அந்த மாதங்களில் தவணை கட்ட வேண்டாம், அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏன்? வங்கி கடனாகத் தருவதில் பெரும்பகுதி மற்றவர்கள் போட்டு வைத்த பணம். அவர்களுக்கு ஊரடங்கிலும் வட்டி தர வேண்டுமே. கரும்புத் தோட்டத்தில் ஆள் லீவு எடுத்தாலும் களை வளர்வது நிற்பதில்லை, அதுபோலத்தான். 1,00,000 ராண்ட் கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் வட்டி அசலில் சேர, மூன்று மாதத்தில் அது சுமார் 1,03,030 ராண்ட் ஆகிவிடும். அப்புறம் தவணைத் தொகை கூடும், அல்லது கட்டும் காலம் நீளும்.

சரி, இப்படி ஒரு விடுப்பு கிடைத்தால் வேண்டாம் என்று விடலாமா? சம்பளம் கொடுக்கவே பணமில்லாத சிறு கடைக்காரர் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். முடிந்தவர்கள் வட்டியையாவது கட்டிவிடுவது நல்லது.

‘ஊரடங்கு அரசு போட்டது, அதனால் யாரும் தவணை கட்டத் தேவையில்லை’ என்று பலர் நினைத்தார்கள். வங்கியின் ஒப்புதல் இல்லாமல் கட்டாமல் விட்டால் அது விடுப்பு அல்ல, பாக்கி.