ஸ்டாஃப் ரூம் வாசல்வரை வந்தவள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பன்னிரண்டு வருடமாக ஒன்பதாம், பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவள். சில மாதங்களுக்கு முன் வளரிளம் பருவத்தினரின் மனநலம் பற்றி எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. எனக்குப் பிடித்திருந்தது. திரும்பி வந்ததும் நீதிபோதனை பீரியடைக் கேட்டு வாங்கி, ஒன்பதாம் வகுப்புக்கு நான்கு வாரம் நடத்தினேன். மனச்சோர்வு, பதற்றம், அவற்றின் அறிகுறிகள் எல்லாவற்றையும் போர்டில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் மூன்று விஷயம் நடந்தது. பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் 'டேய் டிப்ரெஷன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "டீச்சர், இல்லாததை எல்லாம் புள்ளைங்க மண்டையில ஏத்தாதீங்க. தற்கொலை பத்தியெல்லாம் பேசினா அதுங்களுக்கு அந்த நெனப்பே வந்துடாதா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவதுதான் என்னை எழுத வைத்தது. நன்றாகப் படிக்கிற ஒரு பெண், மூன்று நாள் தொடர்ந்து சாயங்காலம் பெல் அடித்த பிறகு ரெக்கார்டு நோட்டோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல டீச்சர், கையெழுத்து" என்பாள். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. நான்காம் நாள் அவள் வரவில்லை.

இந்தப் பாடத்தை நடத்தலாமா, வேண்டாமா? நான் எங்கே தவறினேன்?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சருக்கு,

நடத்தலாம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எப்படி நடத்துவது, யார் நடத்துவது என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் அந்த அப்பா. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் ஊரில் எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிற பயம் அது. தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தவறான நம்பிக்கைகளில் ஒன்றாகவே சொல்கிறது. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு தனியாக அல்லாடுகிற பிள்ளையிடம் ஒருவர் அக்கறையாக, நேராகக் கேட்டால், அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்க ஒரு வழி கிடைக்கிறது. எப்படிச் செய்தார்கள் என்ற விவரத்தைப் பேசுவதும், இறந்துபோனவரைத் தியாகி ஆக்குவதும்தான் கூடாது. இந்த இரண்டையும் வகுப்பில் செய்ய மாட்டேன் என்று அவருக்கு உறுதி கொடுங்கள். அப்படியே பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின் கணக்கையும் சொல்லுங்கள். 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சாக்பீஸை எடுப்பதற்கு முன்பே அந்த மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. 1984இல் நான் பத்தாம் வகுப்பு. லால்குடிப் பக்கம். என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் கணக்கில் புலி. அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு அவன் குளிக்காமல் வர ஆரம்பித்தான். ஒரு நாள் சாயங்காலம் கொள்ளிடக் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, "ரேடியோல என்னப் பத்திப் பேசுறாங்கடா" என்றான். "எந்த ரேடியோல?" என்றேன். "சிலோன்ல." நான் சிரித்துவிட்டேன். இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் நேயர்கள் பெயரை வாசிப்பார்களே, அதில் உன் பெயர் வந்துச்சா என்று கேட்டேன். அவன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை.

மறுநாள் நான் அதை வகுப்பில் சொன்னேன். ஒரே வாரத்தில் அவனுக்குச் சென்னை மனநல மருத்துவமனையை நினைத்துக் 'கீழ்ப்பாக்கம்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு ஆசிரியரும் அப்படியே கூப்பிட்டார். வீட்டில் தாயத்து கட்டினார்கள். மனம் பேதலித்தவர்களைக் கொண்டுபோய் விடுகிற குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைத்தார்கள். கோயிலில் அவனை யாரும் ஏசவில்லை, ஏசியவர்கள் நாங்கள். டாக்டரிடம் போய்ச் சேர இரண்டு வருடம் ஆனது. மாத்திரை ஆரம்பித்த பிறகு மெல்லத் தேறினான். இன்றைக்கும் சாப்பிடுகிறான். ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். எப்போதாவது போனில் பேசுவோம். அந்தக் கொள்ளிடக் கரை சாயங்காலத்தைப் பற்றி அவனிடம் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அவன் அப்பாவிடம் சொல்லவில்லை, ஆசிரியரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான். அந்த வயதில் பெரும்பாலும் கூட்டாளியிடம்தான் முதலில் சொல்வார்கள். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், என்ற சொல் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. சிரிக்காமல் கேட்கவும், ஊரெல்லாம் சொல்லாமல் இருக்கவும், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் மட்டும் அன்றைக்கே போய்ச் சொல்லவும் தெரிந்திருந்தால் போதும். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க முடியும்.

உங்கள் பாடத்தில் எனக்குக் குறையாகப் பட்டது இதுதான். அறிகுறிகளை எழுதிப் போட்டீர்கள். பக்கத்து பெஞ்சுக்காரி அழுதுகொண்டே ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகள் செய்து பார்க்கவில்லை. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் முன்னின்று ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சில பள்ளிகளில் கேள்வித்தாள் வைத்து, பிரச்சினை உள்ள மாணவர்களை நிபுணர்களிடம் அனுப்பினார்கள். இன்னும் சில பள்ளிகளில் மாணவர்களே நடித்துப் பார்த்தார்கள், பேசினார்கள். நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம், அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நடித்துப் பழகிய பள்ளிகளில் மட்டும் புதிய தற்கொலை முயற்சிகள், சுவரில் விழிப்புணர்வுச் சுவரொட்டி மட்டும் ஒட்டிய பள்ளிகளோடு ஒப்பிட ஏறக்குறைய பாதியாக இருந்தன. மற்ற இரண்டு வழிகளிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

உங்களிடமும் அதே நான்கு வாரம் இருந்தது. அடுத்த முறை போர்டை விட்டுவிடுங்கள். இரண்டு பேரை முன்னால் கூப்பிட்டு, ஒருத்தி "நான் நல்லாத்தான் இருக்கேன், விடுடி" என்று சொல்லட்டும், இன்னொருத்தி அடுத்த வார்த்தையைக் கண்டுபிடிக்கட்டும். முதல் தடவை வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும். "எல்லாம் சரியாயிடும்" என்று ஒருத்தி சொல்வாள். அது கேட்பவளுக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். மூன்றாவது, நான்காவது ஜோடி வரும்போது சிரிப்பு தானாக அடங்கிவிடும்.

'டேய் டிப்ரெஷன்' பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். புதுச் சொல் கையில் கிடைத்தால் பையன்கள் முதலில் எறிந்துதான் பார்ப்பார்கள். ஆனால் அளவைச் சொல்லிக்கொடுங்கள். மேட்சில் தோற்றுவிட்டு ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது டிப்ரெஷன் இல்லை. இரண்டு வாரமாக, அநேகமாக எல்லா நாளும் மனசு கனத்துக் கிடந்து, தூக்கமும் சாப்பாடும் படிப்பும் விளையாட்டும் கெட்டுப்போனால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். 'இல்லாததை ஏத்தாதீங்க' என்று அந்த அப்பா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், மனதைக் கவனிக்கும் தியானப் பயிற்சியை வகுப்பாசிரியர்களைக் கொண்டே நடத்திப் பார்த்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பாடத்தைவிட எந்த நன்மையும் இல்லை. ஏற்கெனவே சிரமத்தில் இருந்த சில பிள்ளைகளுக்கு நிலைமை சற்று மோசமாகும் அறிகுறியும் தெரிந்தது. மனநலம் என்று பெயர் போட்டதெல்லாம் நல்லது செய்துவிடும் என்று நம்பி வகுப்புக்குள் போகக் கூடாது.

இனி, யார் நடத்துவது. இதை உங்களிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் 'சேஹர்' என்று ஒரு திட்டத்தை மனநல மருத்துவர் விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்தினார்கள். அங்கேயும் ஒன்பதாம் வகுப்புதான். சுவரொட்டிப் பத்திரிகை, மனசில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி, மாணவர் குழு, தனியாகப் பேச ஆலோசனை நேரம். சில பள்ளிகளில் இதை ஓர் ஆசிரியர் நடத்தினார். சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி கொடுத்து வைத்த, உளவியல் நிபுணர் அல்லாத ஒருவர் நடத்தினார். 2018இல் வந்த முடிவைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்தவர் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் சீண்டுவது குறைந்தது, பள்ளிக்கூடத்தின் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் ஒன்றும் மாறவில்லை. அதே திட்டம், அதே பெட்டி.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்வு வேலை என்று உங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? அதைவிட முக்கியமாக, மார்க் போடுகிற கையும் வீட்டுக்குப் போன் செய்கிற கையும் உங்களுடையதுதான். ஒரு பிள்ளை எவ்வளவு பிரியமாக இருந்தாலும் அதை மறக்காது. அதனால் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் ஆலோசகரைக் கேளுங்கள். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் மேல் அக்கறை இருப்பதால்தான் அவர் அன்றைக்கு எழுந்து பேசினார்.

பாடத்துக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. 2017இல் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் முதல் மூன்று இடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். ஃபெயிலான பிள்ளை ஒரு வருடத்தை இழக்காமல் உடனே எழுதத் துணைத்தேர்வு இருக்கிறது. என் பார்வையில் இரண்டும் பெரிய மனநல வேலைகள். உங்கள் வகுப்பில் விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கைச் சத்தமாக வாசிக்கிற பழக்கம் இருந்தால், நாளைக்கே விட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பெண். நீங்கள் எங்கே தவறினீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் மூன்று நாள் வந்தாள் என்பதிலிருந்தே உங்கள் பாடம் வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் ஸ்டாஃப் ரூமில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? அத்தனை பேர் முன்னால் "என்னம்மா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் கையெழுத்து என்றுதான் சொல்லும். அவளைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்திக் கேட்காதீர்கள். ரெக்கார்டு நோட்டுகளில் பாதியை அவள் கையில் கொடுத்து, லேபுக்குக் கொண்டுபோக வரச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது பிள்ளைகளுக்குச் சுலபம். "மூணு நாள் வந்தியே, நான்தான் சரியாக் கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

சொல்ல ஆரம்பித்தால், "யார்கிட்டயும் சொல்லக் கூடாது டீச்சர்" என்பாள். சத்தியம் செய்துவிடாதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன், யார்கிட்ட சொல்றேன்னு உனக்கு முதல்ல சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். அங்கிருந்தே டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யலாம், இலவசம், இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104ம் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், கூடப் போங்கள். வீட்டில் யாரிடம் சொன்னால் அவளுக்குப் பாதுகாப்பு என்பதையும் அவளிடமே கேளுங்கள். வீட்டில்தான் பிரச்சினை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

முதல் நாள் அவள் ஒன்றுமே பேசாமல் நோட்டை லேபில் வைத்துவிட்டுப் போய்விடலாம். மறுநாளும் கூப்பிடுங்கள். அடுத்த நாள் நோட்டு இல்லையென்றால் பீக்கர்களைக் கழுவ வேண்டும் என்று கூப்பிடுங்கள்.

அன்புடன்