ரத்தப் புற்றுநோய் குணமான பிறகு உடம்பு ஏற்ற ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

கேள்வி கேட்டவர் தந்த விவரம்: வயது 27, வடபழனி. லார்ஜ் பி செல் லிம்போமா (நிணநீர் மண்டலத்தில் வரும் ரத்தப் புற்றுநோய்). ஆர்-சாப் என்ற ஐந்து மருந்துக் கூட்டுக் கீமோ 6 சுற்று முடிந்து 2 வருடம் 2 மாதம் ஆகிறது, ஸ்கேன் சுத்தம். 74 கிலோ இருந்த உடம்பு 59-ல் நிற்கிறது. ஒரு கோர்ஸ் டெஸ்டும் (டெஸ்டோஸ்டிரோன்) டெக்காவும் (நான்ட்ரோலோன்) போட்டால் மூன்று மாதத்தில் பழைய உடம்பு வந்துவிடும் என்கிறார் ஜிம் மாஸ்டர். ஆஸ்பத்திரியிலேயே ஸ்டீராய்டு கொடுத்தார்களே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்பது கேள்வி.

போடாதீர்கள். பொதுவாக எல்லோருக்கும் சொல்லும் அறிவுரையாக இதைச் சொல்லவில்லை. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் மருந்துகளின் பெயரையும் அளவையும் வைத்துச் சொல்கிறேன். அந்த ஃபைலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்டீராய்டு. ஆர்-சாப்பில் ஒவ்வொரு சுற்றிலும் 5 நாள், நாளுக்கு 100 மி.கி. பிரெட்னிசலோன் மாத்திரை உண்டு. 6 சுற்றுக்கு 3000 மி.கி. அது கார்ட்டிகோஸ்டீராய்டு வகை. லிம்போமா செல்லைக் கொல்லும், வாந்தியைக் குறைக்கும், கூடவே தசையைக் கரைக்கும். தொடையிலும் இடுப்பிலும் இருக்கும் பெரிய தசைகள்தான் முதலில் போகும். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, படி ஏறினால் தொடை நடுங்குகிறது என்று கீமோ நேரத்தில் பலர் சொல்வது இதனால்தான். மாஸ்டர் சொல்லும் டெஸ்டும் டெக்காவும் ஆண் ஹார்மோன் வகை. பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர இரண்டும் உடம்பில் செய்யும் வேலை நேர் எதிர். ஒன்றைத் தாங்கிய உடம்பு இன்னொன்றையும் தாங்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இப்போது ஃபைலைத் திறந்து சிவப்பு மருந்தைத் தேடுங்கள். டாக்ஸோரூபிசின் என்றோ அட்ரியாமைசின் என்றோ எழுதியிருப்பார்கள். அது ஏறிய அன்று சிறுநீர் சிவந்து போனது நினைவிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை மி.கி. என்று பார்த்துக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை அதே தாளில் இருக்கும் உடல் பரப்பளவால் வகுங்கள். உதாரணமாக 85 மி.கி. வீதம் 6 முறை என்றால் 510, பரப்பளவு 1.7 சதுர மீட்டர் என்றால் 510-ஐ 1.7-ஆல் வகுக்க 300 வரும். முழு ஆர்-சாப் 6 சுற்றுக்கு வழக்கமான கணக்கும் இதுவே. சதுர மீட்டருக்கு 250 மி.கி. தொட்டுவிட்டாலே பிற்காலத்தில் இதயம் பலவீனமாகும் ஆபத்து அதிகம் உள்ளவர் என்றுதான் புற்றுநோய் மருத்துவர்கள் கணக்கில் வைக்கிறார்கள். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியவர்.

இதயத் தசை செல் போனால் போனதுதான், தோல் மாதிரி மறுபடி முளைக்காது. டாக்ஸோரூபிசின் அதில் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். மிச்சம் இருப்பவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டுவதால், 5 வருடமோ 15 வருடமோ எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஜிம் அளவில் ஏற்றும் ஆண் ஹார்மோன் அந்த மிச்சத்தின் மேல்தான் கை வைக்கிறது. இதயச் சுவரைத் தடிக்க வைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்.-ஐக் கீழே தள்ளி, கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐ மேலே கொண்டுபோகும், சிவப்பணுவைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். கீமோ பார்க்காத இளைஞர்களுக்கே இதயத்தின் பம்ப் சக்தி குறைவது எக்கோவில் தெரிந்திருக்கிறது. கழுத்து, நெஞ்சுப் பகுதியில் கதிர்வீச்சும் வாங்கியிருந்தால் இதயத்தின் ரத்தக் குழாயும் வால்வும் இந்தப் பட்டியலில் சேரும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்த வகை லிம்போமா திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள் வரும். நீங்கள் அதைத் தாண்டியது பெரிய விஷயம். ஆனாலும் ஒருவேளை வந்துவிட்டால், அடுத்துப் பேசப்படும் சிகிச்சைகளில் ஸ்டெம் செல் மாற்றும் ஒன்று. அதற்கு ஆளை எடுக்கும் முன் இதயத்தையும் கல்லீரலையும்தான் அளந்து பார்ப்பார்கள். மூன்று மாத சைஸுக்காக அந்த இருப்பைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊசி போட்டால் நோய் திரும்புமா என்று எல்லோரும் கேட்பார்கள். நோய் திரும்பியது போலவே அறிகுறிகளை உண்டாக்குமே, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எண்ணெய் ஊசியைப் பிட்டத்தில் குத்துவார்கள். அந்த இடம் வீங்கிச் சீழ் கட்டினால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பெட் ஸ்கேனில் ஊசி போட்ட இடமும் நெறியும் பளிச்சென்று ஒளிரலாம். மார்க்காம்புக்குப் பின்னால் கட்டி வரலாம். கோர்ஸ் முடிந்து ஹார்மோன் சரிந்தால் உடம்பு காந்தும், வேர்க்கும், அசதி ஆளைத் தள்ளும். நெறி கட்டுவதும் ராத்திரி வேர்ப்பதும் லிம்போமாவுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஊசி விஷயத்தை மறைத்திருந்தால் மருத்துவர் பயாப்ஸிக்குத்தான் அனுப்புவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம், ஸ்டீராய்டே தொடாதவர்களுக்கும் உதவும். கடுமையாக வெயிட் தூக்கினால் தசையிலிருந்து கசிந்து எல்.டி.ஹெச்., எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற மூன்று என்சைம்களும் ரத்தத்தில் ஏறும். அந்த எல்.டி.ஹெச்.-ஐத்தான் நோய் திரும்புகிறதா என்று உங்கள் ஃபாலோ-அப்பில் பார்க்கிறார்கள். ரத்தம் கொடுக்கும் முன் ஒரு வாரம் கனமான பயிற்சியை நிறுத்தி, நடை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாத பயம் குறையும். எஸ்.ஜி.பி.டி. ஏறியிருந்தால் கல்லீரல் என்சைமான ஜி.ஜி.டி.-யும் பார்க்கச் சொல்லுங்கள். அது தசையிலிருந்து வராது.

கல்லீரலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயானபால், ஸ்டானோசோலால் போன்ற வாய்வழி வகைகள்தான் அங்கே அதிகம் கெடுக்கும்: மஞ்சள் காமாலை, ரத்தம் கட்டிய பைகள், கட்டிகள். ஆர்-சாப்பில் இருக்கும் ரிட்டுக்சிமாப் உங்களுக்கு ஏறியிருக்கிறது. பழைய ஹெபடைடிஸ் பி உடம்பில் எங்காவது ஒளிந்திருந்தால், ரிட்டுக்சிமாப் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுகூட அது கிளம்பலாம். என்சைம் ஏறும்போது மாத்திரையா வைரஸா என்று பிரித்துப் பார்க்கும் நேரம் வீணாகும். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டானோசோலாலும் டானசோலும் ரத்தநோய் மருத்துவர்களே ஏப்ளாஸ்டிக் அனீமியாவுக்கு எழுதிய மருந்துகள்தான். எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்யாதபோது, கல்லீரலைச் சோதித்துக்கொண்டே கொடுப்பார்கள். உங்கள் மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது.

அடுத்தது ஹார்மோன். ஆர்-சாப்பில் இருக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு விந்தணு செய்யும் செல்களைத்தான் முதலில் தாக்கும். டெஸ்டோஸ்டிரோன் செய்யும் செல்கள் ஓரளவு தாங்கும். சிலருக்கு அதுவும் குறையும், அப்போது தசை ஏறாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதனால் அளந்து பாருங்கள். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், டோட்டல் டெஸ்டோஸ்டிரோன். குறைவாக வந்தால் வேறொரு நாள் திரும்ப எடுக்க வேண்டும், ஒரு முறை எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது. கூடவே எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின், எஸ்.ஹெச்.பி.ஜி., டி.எஸ்.ஹெச். ஆகிய ரத்தப் பரிசோதனைகளும். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் 3 நாள் முன்பே நிறுத்துங்கள், ரிப்போர்ட்டைத் தாறுமாறாக்கும். இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்து அறிகுறியும் இருந்தால் எண்டோகிரைனாலஜி மருத்துவரிடம் போங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு உண்டு. அவர் கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன், இயல்பு அளவுக்குக் கொண்டுவரும் சிகிச்சை; ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுவார். ஜிம் கோர்ஸ் அதைப் போலப் பல மடங்கு.

குழந்தை பற்றி எண்ணம் இருந்தால் எந்த ஊசிக்கும் முன்னால் விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளை தன் சிக்னலை நிறுத்தும், விந்தணு பூஜ்யம் வரைகூடப் போகும். திரும்பி வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். மருத்துவர் கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் இது பொருந்தும் என்பதால் அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு மருந்துகள் இருக்கின்றன.

உடம்பு ஏறாததற்கு வேறு காரணங்களையும் வரிசையாகப் பாருங்கள்: ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12, தைராய்டு, சர்க்கரை. பயிற்சி தொடங்கும் முன் எக்கோ எடுங்கள். எடுக்கும்போது ஸ்ட்ரெயின் அளவும் வேண்டும் என்று கேளுங்கள். பம்ப் சதவீதம் 60 என்று நல்லபடியாக இருக்கும்போதே ஆரம்பத் தேய்மானத்தை அது காட்டும். ஸ்குவாட் போடும்போது தொடை இடுக்கில் ஒரு பக்கம் ஆழமாக வலித்தால், தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே தொடராதீர்கள். பிரெட்னிசலோன் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பு எலும்பின் பந்து ரத்த ஓட்டமில்லாமல் பழுதாகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆர்-சாப்பில் இருக்கும் வின்கிரிஸ்டினால் பாதம் மரத்திருந்தால் முதலில் மெஷின், பிறகு பார்பெல்.

பயிற்சி வாரம் 3 நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், டம்பெல் பிரஸ், ரோயிங், படி ஏறுதல், லேசான டெட்லிஃப்ட். முதல் 2 வாரம் ஒவ்வொன்றும் ஒரே செட், 12 முதல் 15. பிறகு 2 அல்லது 3 செட். இன்னும் இரண்டு மூன்று முறை முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். இரண்டு நாள் தொடர்ந்து சுலபமாக 12 வந்தால் மட்டும் 2.5 கிலோ கூட்டுங்கள். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள், தூக்கும்போது விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் ஒரே வீச்சில் எகிறும், உங்கள் இதயத்துக்கு அது தேவையில்லாத சுமை. உச்ச எடை தூக்கிப் பார்ப்பது இதய மருத்துவர் சரி என்ற பிறகு. சித்திரை, வைகாசியில் தகரக் கூரை ஜிம்மில் மதிய நேரம் வேண்டவே வேண்டாம், காலை 6 மணிக்குப் போங்கள்.

59 கிலோவுக்கு நாளுக்கு 90 முதல் 95 கிராம் புரதம் இலக்கு. 3 முட்டை 18, நான்கு இட்லி 8, மதியம் 150 கிராம் மீன் 30, பருப்பு 8, மாலை ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 13, இரவு 30 கிராம் மீல்மேக்கர் 15, ஒரு டம்ளர் பால் 8. இதிலேயே 100 கிராம் வந்துவிடுகிறது. டப்பா புரதம் தேவைப்படாது. முட்டை முழுக்க வெந்ததாக இருக்கட்டும், பச்சை முட்டை குடிக்க வேண்டாம். கிரியேட்டின் வேண்டுமென்றால் சிறுநீரகம் நன்றாக இருப்பது தெரிந்த பிறகு நாளுக்கு 3 கிராம். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறித் தெரியும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மாதம் ஒரு கிலோ ஏறினால் நல்ல வேகம். உடம்பு ஒரு முறை வைத்திருந்த தசையைத் திரும்பக் கட்டுவது புதிதாகக் கட்டுவதைவிடச் சீக்கிரம் நடக்கும். 12 வாரத்தில் சட்டைத் தோளில் தெரிய ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே ஓரிரு ஊசி போட்டுவிட்டீர்கள் என்றால், அடுத்ததைப் போடாதீர்கள், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை. மருந்தின் பெயர், போட்ட தேதி, அளவு மூன்றையும் எழுதிக்கொண்டு, குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். லேபிளில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருப்பது இந்தச் சரக்கில் சகஜம். ரத்த எண்ணிக்கை, கல்லீரல், கொழுப்பு, ஈ.சி.ஜி., எக்கோ பார்க்க வேண்டும். குப்பியையோ ஊசியையோ பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை இப்போதும், 3 மாதம் கழித்தும். கீமோவில் பழைய ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் பலம் போயிருக்கலாம், அதையும் கேளுங்கள். கோர்ஸ் முடிந்ததும் போடு என்று மாஸ்டர் தரும் டமாக்சிஃபென் மாத்திரையைத் தொடாதீர்கள், ரத்தம் உறையும் ஆபத்தை அது கூட்டும். மாதக்கணக்கில் போட்டு நிறுத்தியவர்களுக்கு மனம் மிகவும் சோர்ந்து, உயிரே வேண்டாம் என்ற எண்ணம்கூட வரலாம். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது, இதில் எது வந்தாலும் 108. கண் மஞ்சளானாலோ, ஊசி போட்ட இடம் சிவந்து சூடாகி 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.