நீல மாளிகையும் நகரத்தார் கிட்டங்கியும்

வணக்கம் ஐயா. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பினாங்கின் ஜார்ஜ் டவுன் லீத் ஸ்திரீட்டில் உள்ள நீல மாளிகைக்குச் சென்றிருந்தேன். தண்ணீர் சுமந்து பிழைத்து, பின்னர் அந்த மாளிகையைக் கட்டிய சீன வணிகர் சியோங் பாட் சே உழைப்பால் மட்டுமே கோடீஸ்வரர் ஆனார் என்றார் வழிகாட்டி. அதைக் கேட்ட என் மகன், “நம்மவர்களும் இங்கே வணிகம் செய்தார்களே, அவர்கள் வீடு எங்கே அம்மா?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

‘உழைப்பால் மட்டுமே’ என்பதை நான் ஏற்பதில்லை. சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஹக்கா என்னும் சீனப் பிரிவைச் சேர்ந்த ஏழைக் குடும்பம் ஒன்றிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) வந்த அந்த இளைஞர் உழைக்காமல் இல்லை. ஆனால் அவருடைய செல்வம் பெருகியது டச்சுப் படைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தங்களாலும், அபின், சாராயம் போன்றவற்றின் வரிக் குத்தகைகளாலும்தான். அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு விற்பனை உரிமை முழுவதையும் தன் கையில் வைத்துக்கொள்வதே குத்தகை என்பதால், கூலியாட்களின் நாட்கூலியில் ஒரு பங்கு அபின் புகையாகி இத்தகைய குத்தகைதாரர்களின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. 1893இல் சீனப் பேரரசின் துணைத் தூதராகப் பினாங்கில் பொறுப்பேற்றவரும், 1916இல் இறந்தபோது டச்சு, ஆங்கிலேய அரசுகள் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு மரியாதை செய்தவரும் இவரேதான். மகனிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

38 அறைகளும் 5 முற்றங்களும் 220 சன்னல்களும் கொண்ட அந்த வீடு தப்பியதற்கு முதற்காரணம் ஓர் உயில். கடைசி மகன் உயிரோடிருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று அவர் எழுதிவைத்தார். அந்த மகன் 1989இல் காலமானார். அதற்குள் வீடு பல குடித்தனங்கள் நெருக்கியடித்து வாழும் இடமாகச் சிதைந்திருந்தது. பிறகு மரபில் அக்கறை கொண்ட சிலர் சேர்ந்து அதை வாங்கிப் பல ஆண்டுகள் செப்பனிட்டார்கள். அப்பணிக்கு 2000இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. சுவரின் நீலம் கடையில் வாங்கும் பெயிண்ட் அன்று, சுண்ணாம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து பூசியது. ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சுதான் நம் மழைக்கு ஏற்றது. (சிமெண்டு பூசிப் புதுப்பித்த பழைய கடைவீடுகளின் சுவர்கள் உப்புப் பூத்து உதிர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.) அந்த அவுரிச் சாயம் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பதையும் மகனுக்குச் சொல்லலாம்.

இனி அவன் கேள்விக்கு வருகிறேன். நம் வணிகர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். இந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொகிதீன் என்னும் கப்பித்தான் கெலிங், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பெயர் நிலைக்கும்படி ஒரு பள்ளிவாசலை விட்டுச்சென்றார். நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் கதை வேறு. முகவர்களாகச் சில ஆண்டுத் தவணையில் வந்து கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிய அவர்களுக்கு, பெட்டியடியில் அமர்ந்து வட்டிக்கடை நடத்தவும் இரவில் பாய் விரித்துப் படுக்கவும் கிட்டங்கி என்னும் பொதுக் கடைக்கூடமே போதுமானதாக இருந்தது. சம்பாதித்ததில் எழுந்த மாளிகைகள் செட்டிநாட்டில் நிற்கின்றன. பெண்டு பிள்ளைகள் இருந்ததும் அங்கேதான். எனவே பினாங்கில் அவர்களுடைய மாளிகையைத் தேடினால் கிடைக்காது. கிடைப்பவை கிட்டங்கியும், பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோயில் வீடும், தண்ணீர்மலை முருகன் கோயிலும்தான்.

அடுத்த தைப்பூசத்துக்கு முந்தைய நாள், செட்டிப் பூசத்தன்று காலையில், வெள்ளி ரதம் புறப்படும் நேரத்துக்கு மகனை அந்தக் கோயில் வீட்டு வாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ரதம் நகர்ந்து கூட்டம் கலைந்த பின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.