வீட்டை விற்றுக் கிட்டார் படிக்க வேண்டாம்

போன மாதம் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தம்பதி மகனோடு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். பையன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல், கடைசி ஆண்டு. அடுத்து தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி. கிட்டார் வாசிப்பான்.

"வாசிக்கட்டும் சார், நாங்க தடுக்கல," என்றார் அப்பா. "ஆனா இசைதான்னு ஆயிட்டா, நாலு பேர்கிட்ட பேர் சொல்ற மாதிரி ஒரு இடத்துல படிக்கணும் இல்லையா?"

பேர் சொல்கிற இடம் என்றால் பாஸ்டன் நகரத்துப் பெர்க்லீ இசைக் கல்லூரி. மெல்பர்னில் இருக்கும் சித்தப்பாவின் யோசனையாம். இவர்கள் சொந்தத்தில் எல்லாரும் டாக்டர், வக்கீல், கணினி. இசைக்குப் போகிறவன் பெரிய கல்லூரிக்காவது போனால்தான் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ஏதாவது போடலாம்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதலாகத்தான் பேசினேன். அப்புறம் அம்மா பிளாஸ்டிக் கோப்பு ஒன்றைத் திறந்து வீட்டு மதிப்பீட்டை மேசையில் வைத்தார். ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறை வீட்டுக்குப் போனால் எவ்வளவு மிஞ்சும் என்று பென்சிலில் கணக்குப் போட்டிருந்தார். ஆறுதல் அதோடு நின்றது.

அங்கே ஆண்டுக் கட்டணம் மட்டுமே 50,000 அமெரிக்க டாலருக்கு மேல். நான்கு ஆண்டு. அறை வாடகை, சாப்பாடு, விமானம், குளிர்கால உடை எல்லாம் தனி. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டார் அப்பா. அந்த நிதியின் கல்விக் கடன் திட்டம் உள்ளூர்க் கல்வி நிலையங்களுக்கு மட்டும்தான். ஆக, வீடுதான் போகும். கல்லூரியைக் குறை சொல்லவில்லை. முழு உதவித்தொகை கிடைத்தால் வேறு பேச்சு. ஆனால் விருந்துக்கோ தொலைக்காட்சிப் பதிவுக்கோ கிட்டார் கலைஞரைக் கூப்பிடுகிறவர் சான்றிதழ் கேட்டு நான் பார்த்ததில்லை. போன தடவை எப்படி வாசித்தார், நேரத்துக்கு வந்தாரா, இந்த இரண்டுதான் கேள்வி. அந்த வேலைக்கு ஐந்தறை வீட்டைக் கொடுக்காதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இங்கேயே இருக்கும் லசால், நஃபா கலைக் கல்லூரிகள், பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் ஒலித்துறைப் படிப்புகள் எல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

அதுவரை பையன் வாயே திறக்கவில்லை. "நீ என்னப்பா செய்கிறாய்?" என்று கேட்டேன். கைப்பேசியை மேசையில் வைத்து ஒரு பதிவைப் போட்டான். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பிடித்த மழைச் சத்தத்துக்கு மேல் ஒற்றைக் கிட்டார் மெதுவாக ஏறி வந்தது. அம்மா கேட்டது அதுதான் முதல் முறை. "இது நீயாடா?" என்றார். மேடை பிடிக்காதாம் அவனுக்கு. சொந்தமாக இசையமைத்துப் பதிவு செய்யத்தான் ஆசை. இவ்வளவு நாளும் வீட்டில் யாரும் இதைக் கேட்டதில்லை.

அவனுக்கு நான் சொன்ன வழி வேறு. எனக்குத் தெரிந்த மூத்த கிட்டார் கலைஞர் ஒருவர் அங் மோ கியோவில் இருக்கிறார். முப்பது வருடம் ஹோட்டல் வரவேற்பறை, கல்யாண விருந்து, கோயில் திருவிழா மெல்லிசை என்று வாசித்துப் பிழைத்தவர். இப்போது படுக்கையறையில் உட்கார்ந்து சொந்த வாத்திய இசையைப் பதிவு செய்கிறார். நான் போனபோது கிட்டாரின் கழுத்தில் மனைவியின் ஹேர் பேண்டைச் சுற்றியிருந்தார். வாசிக்காத தந்திகள் கூடவே அதிர்ந்து பதிவைக் கெடுக்காமல் இருக்க அதுவே போதுமாம். தரையில் கறுப்பு டேப்பில் ஒரு பெருக்கல் குறி. கிட்டாரின் ஒலியைப் பிடிக்கும் காந்தச் சுருள், விளக்கிலிருந்தும் கணினியிலிருந்தும் இரைச்சலை இழுக்கும். நாற்காலியை அந்தக் குறியில் போட்டு ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பினால் இரைச்சல் அடங்கிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க நாற்காலியோடு அறையைச் சுற்றினாராம். மேல்மாடியில் வீட்டைப் புதுப்பிக்கிறார்கள், வார நாளெல்லாம் துளையிடும் சத்தம். அதனால் மைக் வைத்துப் பிடிக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமைதான்.

தாளத்துக்கு வாசிப்பதை இரண்டு முறை வாசித்து ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வைக்கிறார். ஒன்றையே நகல் எடுத்து வைத்தால் என்ன என்று கேட்டேன். "அது ஒரே ஆள் நடுவுல நின்னு கத்தின மாதிரிதான் இருக்கும்," என்றார். கையின் சின்னச் சின்னத் தடுமாற்றம்தான் அகலம் கொடுக்கிறதாம். ஒவ்வொரு உருப்படியையும் நான்கு விதமாக முடித்து வைக்கிறார்: முழுசாக ஒன்று, முக்கிய மெட்டு இல்லாமல் பின்னணி மட்டும் ஒன்று, 60 விநாடிக்கு, 30 விநாடிக்கு. விளம்பரம் எடுப்பவருக்குக் கடைசி இரண்டு வேண்டும். ஆவணப்படக்காரருக்கு மெட்டு இல்லாதது வேண்டும். மேலே குரல் வரும் அல்லவா. வரிகள் இல்லாததால் மலாய் நிகழ்ச்சிக்கும் சீன நிகழ்ச்சிக்கும் அதே இசை போகும். தமிழ்ப் பாட்டு எழுதியிருந்தால் அது முடியுமா?

காசு எங்கே என்று கேட்பீர்கள். இணையத்தில் ஆயிரம் முறை கேட்டால் சில டாலர் வரும், அதை நம்ப வேண்டாம். நேரடி வாசிப்பு, பாடம் சொல்லிக் கொடுப்பது, மற்றவர் பதிவுகளுக்கு வாசிப்பது, அப்புறம் உரிமைத் தொகை என்று நாலு பக்கமும் இருந்து சேர்வதுதான். இசையமைப்புக்கு ஓர் உரிமை, அந்தப் பதிவுக்குத் தனியாக இன்னோர் உரிமை. இசையமைப்பை இசையமைப்பாளர்களுக்கு உரிமைத் தொகை வசூலித்துக் கொடுக்க 1987 முதல் இங்கே இயங்கும் காம்பஸ் அமைப்பில் பதிந்து வைக்க வேண்டும். நிகழ்ச்சியில் எந்த இசை எத்தனை விநாடி ஒலித்தது என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் தொகை வந்து சேராது. பெரியவர் அந்தப் பட்டியலை விடாமல் கேட்டு வாங்குவார். 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, இன்னொருவர் காசு கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, உருவாக்கியவருக்கே பதிவின் முதல் உரிமை. சம்பளத்துக்கு வேலை செய்தால் கதை வேறு. கையெழுத்துப் போடுமுன் படி என்று பையனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"நம்மாள்ல யாராவது கிட்டார்ல வந்திருக்காங்களா சார்?" என்று அப்பா கேட்டார். அலெக்ஸ் அபிஷேகநாதனைச் சொன்னேன். 1981ல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிட்டார் குழு தொடங்கியவர், 1988ல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அப்பா அந்தப் பெயரைக் கோப்பின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். சித்தப்பாவிடம் சொல்வதற்காக இருக்கும்.

தேசிய சேவைக்கு முன் பல்கலைக்கழகம் போக ஒத்திவைப்பு கிடைக்காது. எப்படியும் இரண்டு ஆண்டு இருக்கிறது, இன்றைக்கே முடிவெடுக்க என்ன அவசரம்? பொறியியல் டிப்ளோமாவை முடிக்கட்டும். கேபிள் பற்றவைக்கத் தெரிந்த கிட்டார்காரனுக்கு மதிப்பு அதிகம். முகாமிலிருந்து வெளியே வரும் வார இறுதிகளில் அங் மோ கியோவுக்குப் போகட்டும். இரண்டு ஆண்டில் பத்து உருப்படி, நான்கு விதமாக முடித்து, பதிந்து, கையில் இருக்க வேண்டும். பத்து வரவில்லை என்றால் டிப்ளோமா இருக்கிறது, வீடும் இருக்கிறது. அப்போது என்னிடம் வாருங்கள், வேறு பேசுவோம். ஒருநாள் தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்து நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கட்ட வேண்டும். அந்தத் தொல்லை வரட்டும், சந்தோஷம்தான்.

"இப்போ என்ன வாங்கணும் சார்?" என்றார் அம்மா, பென்சிலோடு.

ஒன்றும் வேண்டாம் என்றேன். புதுத் தந்தி ஒரு செட் மட்டும். ஞாயிறு மூன்று மணிக்கு அங் மோ கியோ பெரியவர் வரச் சொல்லியிருக்கிறார், தாமதமாக வந்தால் அவருக்குப் பிடிக்காது. பையன் தனியாகப் போகட்டும்.