லண்டன் மாப்பிள்ளை, நர்சிங் மகள்: வேலை அனுமதி எந்த விசாவில்?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம். மாப்பிள்ளை லண்டனிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையன், பிரிட்டிஷ் குடிமகன். "நாலு வருஷம் கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சது, அங்கே போய் வீட்டில் உட்காரவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பிரிட்டிஷ் குடிமகனின் மனைவியாக ஸ்பவுஸ் விசாவில் போனால், வேலை அனுமதி என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அது விசாவிலேயே அடக்கம். எந்த இடத்திலும் வேலை பார்க்கலாம், சொந்தத் தொழில்கூடச் செய்யலாம். ஸ்பான்சர் தருகிற ஆஸ்பத்திரி வேண்டுமென்று ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார், "நிச்சயத்தை முடித்து அனுப்பிவிடுங்கள், கல்யாணத்தை இங்கே வைத்துக்கொள்ளலாம்" என்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. நிச்சயமான பெண்ணுக்குத் தரும் விசா ஆறு மாதம்தான். அந்த ஆறு மாதமும் வேலை பார்க்கக் கூடாது. கல்யாணம் ஆனதும் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். அதற்கு முடிவு வரும்வரைக்கும் வேலை கிடையாது. சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதைவிட மோசம்; அங்கிருந்தபடியே ஸ்பவுஸ் விசாவுக்கு மாற முடியாது. என்னிடம் படிப்பு பற்றிக் கேட்டுப் போன ஒரு பெண் நிச்சயம் செய்துகொண்டு, அந்த ஆறு மாத விசாவில்தான் போனாள். ஒரு குளிர்காலம் முழுக்க மாமியார் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு வாட்ஸப் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அதனால் கல்யாணத்தை இங்கேயே முடியுங்கள். முடித்தால் மட்டும் போதாது, பதிவும் செய்ய வேண்டும். மண்டபத்து ஆல்பத்தை விசா அதிகாரி சான்றிதழாக எடுத்துக்கொள்ள மாட்டார். சிறப்புத் திருமணச் சட்டப்படி என்றால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. மாப்பிள்ளைக்கு இரண்டு வாரம்தான் லீவு என்றால், பதிவு அலுவலகத்தில் இப்போதே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நம் வீடுகளில் கேட்கக் கூச்சப்படும் விஷயம். ஜாதகத்தைக் கூச்சமில்லாமல் கேட்கிறோம், சம்பளச் சீட்டைக் கேட்க நாக்கு எழுவதில்லை. மாப்பிள்ளையின் வருட வருமானம் குறைந்தது 29,000 பவுண்ட் இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11-க்கு முன்பு வரை இது 18,600 பவுண்டாக இருந்தது. சொந்தக்காரர்கள் பலர் இன்னும் அந்தப் பழைய கணக்கைத்தான் சொல்வார்கள். இங்கிருந்து விண்ணப்பிக்கும்போது உங்கள் மகளின் சம்பளம் கணக்கில் வராது. வருமானமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவது என்றால் 88,500 பவுண்ட், அதுவும் ஆறு மாதமாகக் கையில் இருந்த பணமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை சமீபத்தில் வேலை மாறினாரா என்பதையும் கேளுங்கள். ஒரே இடத்தில் ஆறு மாதம் ஆகியிருந்தால் காகித வேலை சுலபம்.

செலவு: 2025 ஏப்ரல் நிலவரப்படி விசா கட்டணம் 1,938 பவுண்ட். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 என்ற கணக்கில், 33 மாத விசாவுக்கு 3,105 பவுண்ட். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும், அது ஆறு மாதம்தான் செல்லும். ரொம்ப முன்னாலேயே எடுத்துவிடாதீர்கள்.

சரி, விசா வந்துவிட்டது, வேலை பார்க்கலாம். ஆனால் நர்ஸாக அல்ல. விசா தருவது உள்துறை, நர்ஸ் என்று ஏற்பது என்எம்சி என்ற கவுன்சில். ஒன்று கொடுத்ததை மற்றது கண்டுகொள்ளாது. என்எம்சி பதிவு இல்லாமல் வார்டில் உதவியாளர் வேலைதான் கிடைக்கும். பதிவுக்கு சிபிடி என்ற கணினித் தேர்வு, அதை இந்தியாவிலேயே எழுதலாம், 83 பவுண்ட். பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, இது அங்கே போய்த்தான். ஒரு முறைக்கு 794 பவுண்ட். என்எம்சி நம் மாநில நர்சிங் கவுன்சிலிடமும் விசாரிக்கும். தேர்வு முடிவு வந்ததும் இங்கே பதிவு செய்துகொள்ளாமல் அசட்டையாக விட்டால் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

ஆங்கிலத் தேர்வில் மட்டும் ஒரு சிக்கனம் உண்டு. ஸ்பவுஸ் விசாவுக்கு ஏ1 என்ற அடிப்படை நிலை போதும். அதற்கென்று தனியாக ஒரு தேர்வு எழுதிவிட்டு, என்எம்சிக்கு இன்னொரு தேர்வு எழுதுகிறார்கள். 'யுகேவிஐ' என்று பெயரில் சேர்ந்து வரும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வை ஒரே முறை எழுதினால் இரண்டுக்கும் ஆகும். கேட்டல், வாசித்தல், பேசுதலில் 7, எழுத்தில் 6.5 என்எம்சி கேட்பது. எழுத்தில்தான் நம் பிள்ளைகள் அரை மதிப்பெண்ணில் தவறவிடுகிறார்கள். கல்யாண வேலை தொடங்குமுன் பாப்பாவை அதற்கு உட்கார வையுங்கள்.

போய் இறங்கிய பின் வேலைக்கு எடுப்பவர்கள் பாஸ்போர்ட்டில் முத்திரையைத் தேட மாட்டார்கள். இணையத்தில் இருக்கும் இ-விசாவிலிருந்து 'டபிள்யூ' என்ற எழுத்தில் தொடங்கும், எழுத்தும் எண்ணுமாக ஒன்பது கொண்ட குறியீடு ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும், 90 நாள் செல்லும். அந்த இ-விசா கணக்கின் மின்னஞ்சலும் போன் நம்பரும் மகளுடையதாகவே இருக்கட்டும். மாப்பிள்ளை மேல் சந்தேகம் என்றில்லை. அவள் வேலைக்கு அவள்தானே எடுத்துக் கொடுக்க வேண்டும்?

தேதி குறிக்குமுன் மாப்பிள்ளையின் கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டையும், அதே மாதங்களின் வங்கிக் கணக்குத் தாளையும் வாங்கி அனுப்புங்கள். இரண்டிலும் தொகை பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.