பணம் கட்டும் முன் போர்டைப் பாருங்கள்: அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர் கேள்வி பதில்

டெக்சஸில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனராக (எஃப்.என்.பி.) வேலை செய்கிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் (என்.பி.) என்றால் மேற்படிப்பு முடித்து, நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதும் நர்ஸ். லைசென்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விசா, கிரீன் கார்டு கேள்விகளை குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். அது என் துறை இல்லை.

ஈரோட்டிலிருந்து, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்தவர்: அக்கா, ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் நேரடியாக என்.பி. லைசென்ஸ் வாங்க முடியுமா?

முடியாது, தங்கை. முதலில் அங்கே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேண்டும். உங்கள் படிப்பை ட்ரூமெரிட் (முன்பு சி.ஜி.எஃப்.என்.எஸ்.) போன்ற அமைப்பு சரிபார்த்து, நீங்கள் விண்ணப்பித்த மாநில நர்சிங் போர்டுக்கு அறிக்கை அனுப்பும். போர்டு அனுமதித்தால் என்க்ளெக்ஸ் என்ற ஆர்.என். லைசென்ஸ் தேர்வை எழுதலாம், அதற்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. ஆர்.என். கையில் வந்த பிறகுதான் என்.பி. மாஸ்டர்ஸ். அதற்கு இளங்கலைப் பட்டம் கேட்பார்கள். அதனால் ஊரில் இருக்கும்போதே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிப்பது நல்லது. இல்லையென்றால் அங்கே போய் ஆர்.என்.னிலிருந்து மாஸ்டர்ஸுக்குக் கொண்டு போகும் இணைப்புப் படிப்பில் சேரலாம்.

இன்னொன்று. நம் ஊர் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில்தான். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் 'எஸ். கவிதா' என்று இருக்கும். நர்சிங் கவுன்சில் பதிவில் 'கவிதா எஸ்'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'கவிதா சுப்பிரமணியம்'. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் பெயர் வேறு சேரும். தேர்வு மையத்தில் அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்கள். விண்ணப்பம் போடும் முன் எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியதை ஊரில் இருக்கும்போதே திருத்துங்கள்.

வேலூரிலிருந்து, எம்.எஸ்சி. நர்சிங்: மேடம், நான் ஏற்கெனவே மாஸ்டர்ஸ். நேரடியாக என்.பி. சர்டிஃபிகேஷன் தேர்வு எழுதலாமா?

எழுத முடியாது. அந்தத் தேர்வை நடத்தும் ஏ.என்.சி.சி., ஏ.ஏ.என்.பி. அமைப்புகள் இரண்டுமே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற என்.பி. படிப்பை முடித்தவர்களைத்தான் உட்கார வைக்கும். நம் எம்.எஸ்சி.யில் என்.பி. பயிற்சி நேரம் கிடையாது. ஆனால் அது வீண் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் அதை மதிப்பிட்டு ஏற்றுக்கொண்டு, மாஸ்டர்ஸுக்குப் பிந்தைய சான்றிதழ் படிப்பில் சேர்த்துக்கொள்ளும். சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஹூஸ்டனிலிருந்து, ஐ.சி.யூ. நர்ஸ்: எட்டு வருஷ அனுபவம். எல்லோரும் எஃப்.என்.பி. எடு, எங்கே வேண்டுமானாலும் வேலை கிடைக்கும் என்கிறார்கள். சரியா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி, தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் என்.பி. லைசென்ஸ் பொதுவான லைசென்ஸ் இல்லை. எந்த நோயாளிகளுக்காகப் படித்தீர்களோ, எதில் தேர்வு எழுதினீர்களோ, அதற்குள்தான் வேலை செய்யலாம். 2008இல் நர்சிங் அமைப்புகள் சேர்ந்து கொண்டு வந்த ஒருமித்த மாதிரி (கன்சென்சஸ் மாடல்), லைசென்ஸ், படிப்புக்கான அங்கீகாரம், சர்டிஃபிகேஷன், கல்வி நான்கையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டது. எஃப்.என்.பி. என்றால் பிறந்த குழந்தை முதல் தாத்தா வரை எல்லா வயதும் உண்டு, ஆனால் அது கிளினிக்கை மையமாக வைத்த படிப்பு. வென்டிலேட்டர், சென்ட்ரல் லைன், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற நோயாளி எல்லாம் பெரியவர்களுக்கான அக்யூட் கேர் (அவசர, தீவிர சிகிச்சை) என்.பி.யின் களம். எஃப்.என்.பி. வைத்துக்கொண்டு ஐ.சி.யூ.வில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏதாவது தவறு நடந்து வழக்கு வந்தால், 'இதற்குப் பயிற்சி பெற்றாயா?' என்பதுதான் போர்டின் முதல் கேள்வியாக இருக்கும். எட்டு வருஷம் ஆர்.என்.னாக நின்றேன் என்பது அதற்குப் பதில் ஆகாது.

ஐ.சி.யூ.வில்தான் உங்களுக்கு மனம் என்றால் அக்யூட் கேர் எடுங்கள். குழந்தைகளைப் பார்க்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு எடுங்கள். பின்னால் மனம் மாறினால் சான்றிதழ் படிப்பு மூலம் இன்னொரு பிரிவைச் சேர்க்கலாம், ஆனால் மறுபடி கட்டணம், மறுபடி பயிற்சி நேரம். மனநலப் பிரிவுக்கும் இதே விதிதான்.

சென்னையிலிருந்து: எந்த மாநிலத்தில் சுலபம்?

எந்த மாநிலத்தில் வாழப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த மாநில போர்டின் விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சில ஆன்லைன் படிப்புகள் சில மாநிலங்களில் வசிப்பவர்களைச் சேர்ப்பதே இல்லை.

கோவையிலிருந்து ஒரு மருத்துவர்: நாங்கள் ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ்., அப்புறம் எம்.டி. படிக்கிறோம். சில நூறு மணி நேரப் பயிற்சியோடு ஒருவர் மருந்து எழுதுவது நோயாளிக்குப் பாதுகாப்பா?

நியாயமான கேள்வி, டாக்டர். 2022இல் வந்த தேசியக் கல்வித் தரம் குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளை நேரடியாகப் பார்த்த பயிற்சியைக் கேட்கிறது, முன்பு 500 இருந்தது. உங்கள் ரெசிடென்சியோடு ஒப்பிட்டால் குறைவுதான், மறுக்கவில்லை. நாங்கள் மருத்துவர்கள் என்றும் சொல்லவில்லை. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இதைத் தொடங்கியதே, மருத்துவர் எட்டாத ஊர்களில் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்றுதான். இன்றும் கிராமப்புற கிளினிக்கில் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது வலி, தடுப்பூசி எல்லாம் எங்கள் கையில்தான். எங்கே நிறுத்திக்கொண்டு மேலே அனுப்ப வேண்டும் என்பதுதான் எங்கள் பயிற்சியின் முக்கியமான பாடம்.

கண்காணிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அரிசோனா, நியூ மெக்சிகோ, வாஷிங்டனில் என்.பி. வேலை செய்ய மருத்துவரோடு ஒப்பந்தம் வேண்டாம். நியூயார்க்கில் 3,600 மணி நேர அனுபவத்துக்குப் பிறகு வேண்டாம். டெக்சஸில் மருத்துவரோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஒரு மாத்திரைகூட எழுத முடியாது. மாதாமாதம் சந்திக்கவும் வேண்டும்.

கலிஃபோர்னியாவிலிருந்து: ஐ.டி.யில் இருந்தேன். நர்ஸாக வேலையே பார்க்காமல் நேரடி நுழைவுப் படிப்பில் ஆர்.என்., என்.பி. இரண்டும் சேர்த்து முடித்தேன். சர்டிஃபிகேஷன் தேர்வில் தேறினேன். அனுபவம் அவசியம் என்பதெல்லாம் பழைய ஆட்களின் பயம் இல்லையா?

இல்லை. இந்த இடத்தில் நான் கோவை டாக்டர் பக்கம் நிற்கிறேன். என்.பி. பயிற்சி நேரத்தைக் குறைவாக வைத்ததற்குக் காரணமே, வருபவர் ஏற்கெனவே நர்ஸாகப் பல வருஷம் நோயாளி பக்கத்தில் நின்றவர் என்ற எண்ணம்தான். அந்த அடித்தளத்தை எடுத்துவிட்டால் 750 மணி நேரம் மட்டும்தான் மிஞ்சும். இரவு மூன்று மணிக்கு நோயாளியின் முகத்தைப் பார்த்தே 'இவருக்கு ஏதோ சரியில்லை' என்று சொல்கிற கண், வார்டில்தான் வரும்.

அதே நண்பர்: லைசென்ஸ் கொடுத்தது போர்டுதானே? சட்டம் கேட்காததை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

சட்டம் கேட்பது குறைந்தபட்சம். உங்கள் லைசென்ஸ் முழுக்கச் செல்லும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேலைக்குச் சேரும்போது புதியவர்களுக்கான ஒரு வருஷ ஃபெலோஷிப் (மேற்பார்வையோடு பயிற்சி) இருக்கிற இடமாகப் பாருங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அக்கறையில்தான் சொல்கிறேன்.

கோவை மருத்துவர்: அனுபவம் இருந்தால் எனக்கும் ஆட்சேபணை குறைவு. ஆனால் டி.என்.பி. (நர்சிங்கில் முனைவர் நிலைப் பட்டம்) முடித்தவர்கள் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வது?

நோயாளி முன்னால் நான் அதை விரும்பவில்லை. கட்டில் பக்கத்தில் நிற்பவர் நர்ஸா மருத்துவரா என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. 'நான் நர்ஸ் பிராக்டிஷனர்' என்று முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

நியூஜெர்சியிலிருந்து: டி.என்.பி. கட்டாயமா?

லைசென்ஸுக்கு மாஸ்டர்ஸ் போதும். மயக்க மருந்து நர்ஸ் படிப்புதான் முனைவர் நிலைக்குப் போய்விட்டது, அது வேறு பாதை.

திருச்சியிலிருந்து: மேடம், பி.எஸ்சி. முடித்தேன். நேரடியாக என்.பி…

மேலே ஈரோட்டுத் தங்கைக்குச் சொன்னதைப் படியுங்கள். கேள்வி போடும் முன் எல்லோரும் ஒருமுறை மேலிருந்து படித்துவிட்டு வாருங்கள்.

சேலத்திலிருந்து: நம் ஊரிலேயே என்.பி. ஆக முடியாதா?

படிப்பு இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கு என்று இரண்டு வருஷ முதுநிலை ரெசிடென்சி படிப்பைக் கொண்டு வந்தது. 2018இல் வந்த மிட்வைஃப் சேவை வழிகாட்டுதலால் மகப்பேற்றுக்கும் ஒரு பாதை வந்தது. ஆனால் அமெரிக்கா போலத் தனி லைசென்ஸும் சொந்தமாக மருந்து எழுதும் உரிமையும் இல்லை. மருத்துவமனை வகுத்த நெறிமுறைக்குள்தான் வேலை. 2023இல் நிறைவேறிய தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் இந்த உரிமையைத் தெளிவாக்க வழி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. படித்து முடித்தவர்களை மறுபடி சாதாரண ஷிஃப்டில் போடுவது அவர்களுக்கும் நஷ்டம், நோயாளிக்கும் நஷ்டம்.

சிட்னியிலிருந்து: இங்கே எப்படி?

மாஸ்டர்ஸோடு, உயர்நிலைப் பணியில் 5,000 மணி நேரம் காட்ட வேண்டும். மற்றதை ஆஸ்திரேலிய நர்சிங் வாரியத்திடம் கேளுங்கள்.

மதுரையிலிருந்து, பி.ஃபார்ம்.: நானும் என்.பி. ஆகலாமா?

முதலில் நர்சிங் படிக்க வேண்டும். மருந்தாளர் லைசென்ஸ் தனிப் பாதை, அந்தத் துறையில் இருப்பவரைக் கேளுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து: ஆன்லைன் படிப்பில் சேர்ந்துவிட்டேன். பிரிசெப்டரை (கிளினிக்கில் பக்கத்தில் வைத்துப் பயிற்சி தருபவரை) நீயே தேடிக்கொள் என்கிறார்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரு கிளினிக்காகப் படியேறி, பயோடேட்டா கொடுத்து, பதில் வராமல் ஒரு செமஸ்டரையே தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் ஆர்.என்.னாக வேலை செய்யும் மருத்துவமனையின் கல்விப் பிரிவில் இன்றே கேளுங்கள். மாநில என்.பி. சங்கக் கூட்டங்களுக்குப் போங்கள். பணம் வாங்கி ஏற்பாடு செய்கிறவர்களிடம் போனால், அந்த பிரிசெப்டரைக் கல்லூரி ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிய பிறகு கொடுங்கள். இனி சேரப் போகிறவர்கள் பிரிசெப்டர் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அப்புறம், மறுபடி சொல்கிறேன், போர்டு விதியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

டல்லாஸிலிருந்து: என் ஆர்.என். பல மாநிலங்களுக்குச் செல்லும் காம்பாக்ட் லைசென்ஸ். என்.பி.யும் அப்படித்தானே?

இல்லை. காம்பாக்ட் ஆர்.என்.னுக்குத்தான். டெலிஹெல்த் (வீடியோ, போன் வழிச் சிகிச்சை) ஆனாலும், நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில் உங்களுக்கு என்.பி. லைசென்ஸ் வேண்டும்.

சான் ஆன்டோனியோவிலிருந்து: நேற்று சர்டிஃபிகேஷன் பாஸ்! திங்கள்கிழமை நோயாளி பார்க்கலாமா அக்கா?

வாழ்த்துகள்! ஆனால் திங்கள்கிழமை முடியாது. சர்டிஃபிகேஷன் லைசென்ஸ் ஆகாது. ஏ.பி.ஆர்.என். (என்.பி. போன்ற உயர்நிலை நர்ஸ்களுக்கான) லைசென்ஸும் மருந்து எழுதும் அதிகாரமும் போர்டு தர வேண்டும். மருத்துவரோடு ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். என்.பி.ஐ. எண் (சிகிச்சை தருபவருக்கான தேசிய அடையாள எண்) இலவசம், இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு டி.இ.ஏ. (மத்திய போதைமருந்து அமலாக்க அமைப்பு) பதிவு, மூன்று வருஷத்துக்கு 888 டாலர். அதற்கு போதைப் பழக்கச் சிகிச்சை பற்றிய 8 மணி நேரப் பயிற்சி கேட்பார்கள், உங்கள் பாடத்திட்டத்திலேயே முடிந்திருக்கலாம், கல்லூரியில் சான்று வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் தாங்கள் பணம் கொடுக்கும் சிகிச்சையாளர் பட்டியலில் உங்களைச் சேர்த்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதனால் வேலை ஒப்பந்தத்தில் சம்பளம் எந்தத் தேதியிலிருந்து என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.