யோபுவின் பிள்ளைகள் ஏன் இரட்டிப்பாகவில்லை?

கேள்வி: எங்கள் சபையில் சிறுவர்களுக்கான ஞாயிறு பள்ளி நன்றாக நடக்கிறது. பெரியவர்களுக்கென்று ஆராதனை முடிந்ததும் ஒரு வேதபாட வகுப்பை ஒரு வருடமாக நானே நடத்துகிறேன். 30 பேரோடு தொடங்கினோம், இப்போது 6 பேர். வசனத்தின்மேல் பசியே இல்லாத இவர்களை ஆவிக்குரிய வாழ்க்கையில் எப்படி வளர்ப்பது? (ஒரு வாசகர்)

பதில்: சகோதரரே, பசியில்லாதவர்கள் முதல் வாரமே வந்திருக்கமாட்டார்கள். நின்றுபோன 24 பேரும் எதையோ தேடித்தான் வந்தார்கள். நீங்கள் நடத்தி முடித்த புத்தகங்களை எல்லாம் கடிதத்தில் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். வந்தவர்களில் ஒருவர் இப்படிக் கேட்டார், இப்படிச் சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. சற்றுமுன் ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு வந்தவர்களை உட்காரவைத்து இன்னொரு பிரசங்கம் செய்தால் எத்தனை வாரம் தாங்குவார்கள்?

நான் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். யோபு கடைசி அதிகாரம். ஆடுமாடுகளையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்த யோபுவுக்குத் தேவன் திரும்பக் கொடுக்கும் பகுதி. 7,000 ஆடு 14,000 ஆனது, 3,000 ஒட்டகம் 6,000 ஆனது, எல்லாமே இரட்டிப்பு என்று நடத்தியவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனார். பின்வரிசையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, வசனத்தின்மேல் விரல் வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தவர், மெதுவாகக் கேட்டார்: "ஐயா, பிள்ளைங்க மட்டும் இரட்டிப்பாகலையே? முன்னாடியும் ஏழு பையன், மூணு பொண்ணு. இப்பவும் அதேதான். அப்போ செத்துப்போன பத்துப் பேரு?"

அவர் ஒரு மகனைப் பறிகொடுத்தவர் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். நடத்தியவரோ, "விசுவாசத்தோடு வாசியுங்கள் அம்மா, இப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு முடிவு ஜெபத்துக்குப் போய்விட்டார். அந்த அம்மா வேதப்புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வரவில்லை.

அன்றைக்கு அந்த அறையில் வேதத்தை உண்மையாக வாசித்தவர் அவர்தான். பழைய விளக்கவுரைக்காரர்களும் அதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள். ஆடுமாடுகள் அழிந்தே போயின, பிள்ளைகளோ தேவனிடத்தில் இருக்கிறார்கள், ஆகவே மறுபடி பத்துப் பேரைக் கொடுத்ததே இரட்டிப்புதான் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அதை அந்த அம்மா ஏற்றிருப்பாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தால் அங்கிருந்த அத்தனை பேரும் வளர்ந்திருப்பார்கள். இன்றைக்கும் எனக்கு அது மனதை அறுக்கிறது, ஏனென்றால் நானும் அன்று வாயைத் திறக்கவில்லை.

இயேசு சிலுவையில் மரித்தபின் எருசலேமிலிருந்து எம்மா என்ற கிராமத்துக்குப் போன இரண்டு சீஷர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வழி. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கூட நடக்கிறார். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். இருந்தும் "எவைகள்?" என்று கேட்டு, அவர்களையே சொல்லவைக்கிறார். "நம்பியிருந்தோம்" என்ற அவர்களுடைய ஏமாற்றம் முழுவதும் வெளியே வந்த பிறகுதான் மோசேயில் தொடங்கித் தீர்க்கதரிசிகள்வரை விளக்குகிறார். நம் வகுப்புகளில் மோசே முதலிலேயே வந்துவிடுகிறார். வந்தவர்களுடைய ஏமாற்றத்தைக் கேட்க நேரமில்லை. பெரோயா பட்டணத்தாரையும் நினைத்துப் பாருங்கள். பவுல் சொன்னதையே அப்படித்தானா என்று அவர்கள் தினந்தோறும் ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்களை வேதம் நற்குணசாலிகள் என்கிறது.

1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் ஜெபவீட்டின் கடனை அடைக்க ஒரு வழி கண்டார்கள். ஏறக்குறைய 12 பேருக்கு ஒரு பொறுப்பாளர், வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் ஒரு பென்னி வாங்கிவர வேண்டும். காசு வாங்கப் போனவர்கள் யார் எந்தப் போராட்டத்தில் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வந்தார்கள். மெதடிஸ்ட் சபைகளின் வகுப்புக் கூட்டங்கள் அதிலிருந்துதான் வளர்ந்தன. ஆகவே 6 பேர் என்று வருத்தப்படாதீர்கள். ஒவ்வொருவருடைய பாரமும் உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று. வரிசையாக ஆளுக்கொரு வசனம் வாசிக்கவைக்கும் பழக்கம் இருந்தால் உடனே விட்டுவிடுங்கள். சரளமாக வாசிக்க வராதவர்கள் தன் முறை எப்போது வருமோ என்று எண்ணிக்கொண்டிருப்பார்களே தவிர, வசனம் காதில் ஏறாது. சிலர் அந்த வெட்கத்திலேயே நின்றுவிடுவார்கள், காரணத்தை யாரிடமும் சொல்லமாட்டார்கள். விருப்பமுள்ள ஒருவர் நிதானமாக இரண்டுதரம் வாசிக்கட்டும், போதும். கொஞ்ச நாள் கழித்து அந்த ஆறு பேரில் ஒருவரிடமே வகுப்பைக் கொடுங்கள். காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டியவர்கள் இன்னும் பால் குடிக்கிறார்களே என்று எபிரெயர் நிருபம் ஆதங்கப்படுகிறது. கரண்டியைக் கையில் கொடுக்காத நமக்கும் அதில் பங்குண்டு.

அடுத்த ஞாயிறு மேடையிலிருந்து இறங்கி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களோடு உட்காருங்கள். எம்மா சம்பவம் வருகிற லூக்கா 24ஐ வாசித்துவிட்டு, "இதில் எந்த இடம் உங்களுக்கு இடிக்கிறது?" என்று கேளுங்கள். யாரும் பேசமாட்டார்கள். ஒரு நிமிடம் போகும், இரண்டு நிமிடமும் போகலாம். பொறுங்கள், தயவுசெய்து நீங்களே பதில் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள்.